பயந்த நாய்க்கு யார் நேரம் கொடுப்பது?

நாய்க்குட்டிகளை மனிதர்களோடும் வெளியுலகத்தோடும் பழக்குவது பற்றி அமெரிக்கக் கால்நடை நடத்தை மருத்துவச் சங்கம் 2008-இல் ஒரு நிலைப்பாட்டு அறிக்கை வெளியிட்டது. மூன்று வயது நிரம்பாத நாய்களின் சாவுக்கு முதல் காரணம் தொற்றுநோய் அல்ல, நடத்தைச் சிக்கல்களே என்று அதில் சொல்லியிருந்தார்கள். பார்வோ வைரஸுக்கும் டிஸ்டெம்பருக்கும் தடுப்பூசி இருக்கிறது. குழந்தையைக் கண்டால் உறுமும் நாய்க்கு ஊசி கிடையாது. தனியே விட்டுப்போனால் கதவைப் பிறாண்டி நகத்தைப் பெயர்த்துக்கொள்ளும் நாய்க்கும் கிடையாது. வளர்ப்பவர் சில மாதம் பொறுத்துப் பார்க்கிறார், பிறகு காப்பகத்தில் கொண்டுபோய் விடுகிறார். அங்கே அதை எடுத்துச்செல்ல யாரும் வராவிட்டால் கருணைக்கொலையில் முடியலாம். 1990-களில் அமெரிக்காவின் 12 காப்பகங்களில், பிராணியை விட்டுச்செல்ல வந்தவர்களிடம் காரணம் கேட்டுப் பதிவுசெய்த பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. நாய்களைக் கைவிடச் சொல்லப்பட்ட காரணங்களில் நடத்தை முன்வரிசையில் இருந்தது.

இத்தனை உயிர்கள் போகும் இடத்தில் வேலை பார்ப்பதற்கென்றே ஒரு தொழில் அங்கே உருவாகியிருக்கிறது. விலங்கு நடத்தையில் சிறப்புத் தகுதி பெற்ற கால்நடை மருத்துவ டெக்னீஷியன் என்பது அதன் பெயர். இந்த வேலை எப்படிப் பிறந்தது, அதில் இருப்பவர் நாள் முழுவதும் என்ன செய்கிறார், அதை நம்பி ஒருவர் வாழ்க்கை நடத்த முடியுமா என்பவற்றைத் தொகுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. வேலையின் பயனைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்குக் கிடைக்கும் ஊதியமும் இடமும்தான் கவலை தருகின்றன.

முதலில் டெக்னீஷியன் யார் என்பதைச் சொல்லிவிடலாம். நம்மூர் மருத்துவமனையில் நர்ஸ், லேப் டெக்னீஷியன், எக்ஸ்ரே எடுப்பவர், மயக்க மருந்து உதவியாளர் என்று நாலு பேர் பார்க்கும் வேலையை அமெரிக்கக் கால்நடை மருத்துவமனையில் அவர் ஒருவரே பார்க்கிறார். இதற்கான கல்லூரிப் படிப்பு நியூயார்க் மாநிலத்தின் டெல்ஹி என்ற சிற்றூரில் 1961-இல் தொடங்கியது. பெரும்பாலும் இரண்டு வருடப் படிப்பு, அதன்பின் நாடு தழுவிய தேர்வு, பிறகு மாநிலத்தின் உரிமமோ பதிவோ. சட்டம் அவருக்குப் போட்டிருக்கும் எல்லையும் தெளிவானது: நோயை நிர்ணயிக்கக் கூடாது, இனி எப்படி ஆகும் என்று கணித்துச் சொல்லக் கூடாது, மருந்து எழுதிக்கொடுக்கக் கூடாது, அறுவை செய்யக் கூடாது. இவை டாக்டருக்கு உரியவை.

மிச்சமிருப்பது என்ன என்று கேட்கத் தோன்றும். நடத்தைச் சிக்கலைப் பொறுத்தவரை மிச்சமிருப்பதுதான் பெரிது. சாதாரண மருத்துவமனையில் டாக்டர் ஒரு பிராணிக்கு ஒதுக்கும் நேரம் கால் மணி, மிஞ்சினால் அரை மணி. நாய் ஏன் கடித்தது என்று அறிய அந்த நேரம் காணாது. யாரைக் கடித்தது, எந்த அறையில், அந்த நேரத்தில் கிண்ணத்தில் சாப்பாடு இருந்ததா, கடிக்கும் முன் உடம்பு விறைத்ததா, உதட்டை நக்கியதா, முகத்தைத் திருப்பிக்கொண்டதா, அதற்கு முந்தைய வாரம் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். குடும்பத்தில் ஒருவர் சொல்வதும் இன்னொருவர் சொல்வதும் ஒத்துப்போகாது. இரண்டையும் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொள்பவர் ஒருவர் வேண்டும். நடத்தை மருத்துவத்தின் மூலப்பொருள் நேரம். அதை டாக்டரால் கொடுக்க முடிவதில்லை. டெக்னீஷியனால் கொடுக்க முடியும், மருத்துவமனை அனுமதித்தால்.

இந்தத் துறையின் அறிவு கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் பிறந்ததல்ல என்பது கவனிக்க வேண்டியது. அது உளவியலிலிருந்து வந்தது. உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னரின் மாணவர்களான கெல்லர் பிரெலாண்ட், மரியன் பிரெலாண்ட் தம்பதி இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அவரோடு புறாக்களைப் பழக்கும் ஆராய்ச்சியில் இருந்தவர்கள். போருக்குப் பின் ஆய்வகத்தை விட்டு வெளியே வந்து, வெகுமதி கொடுத்து விலங்குகளைப் பழக்குவதையே தொழிலாக நடத்தினார்கள். ஹவாயில் டால்பின்களைப் பழக்கிய கேரன் பிரையர், அதே முறையைக் கிளிக்கர் என்ற சின்னக் கருவியோடு பின்னாளில் நாய் வளர்ப்பவர்களிடம் கொண்டுசேர்த்தார். இன்னொரு பக்கம் மெய்ன் மாநிலத்தின் பார் ஹார்பரில் ஸ்காட், ஃபுல்லர் இருவரும் நாய்க்குட்டிகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 1965-இல் நூலாக்கினார்கள். ஏறக்குறைய மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை குட்டியின் மனம் திறந்திருக்கிறது, அப்போது கண்டு பழகாதவற்றுக்குப் பிற்பாடு அது அஞ்சும் என்ற அறிவு அங்கிருந்து வந்தது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ஆர். கே. ஆண்டர்சன் போன்ற கால்நடை மருத்துவர்கள் இவற்றைச் சிகிச்சை அறைக்குள் அழைத்துவந்தார்கள்.

நடத்தை மருத்துவம் தனிச் சிறப்புத்துறையாக 1993-இல் அங்கீகாரம் பெற்றது. டெக்னீஷியன்கள் 1998-இல் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். பத்தாண்டு கழித்து, 2008-இல், நடத்தை டெக்னீஷியன் கழகத்துக்குத் தேசிய டெக்னீஷியன் சங்கத்தின் ஏற்பு கிடைத்தது. அவசர சிகிச்சைக்கு 1996-இலேயே அது கிடைத்துவிட்டது. ரத்தம் கொட்டுவதை எல்லோரும் உடனே பார்க்கிறார்கள், பயத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்ள நாளாகிறது.

தகுதி பெறுவது எளிதல்ல. டெக்னீஷியனாகப் பதிவுபெற்ற பிறகு நடத்தைத் துறையில் சில ஆண்டு அனுபவம், 40 மணி நேரத் தொடர்கல்வி, கையாண்ட பிராணிகளின் பதிவேடு, சிலவற்றைப் பற்றிய விரிவான அறிக்கைகள், மூத்தவர்களின் பரிந்துரைக் கடிதம், எல்லாம் சரியாக இருந்தால் தேர்வெழுத அனுமதி. பதிவேடு எழுதுவதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். நடத்தைச் சிக்கலுள்ள பிராணிகள் தொடர்ந்து வரும் இடத்தில் வேலை பார்த்தால்தானே எழுத முடியும்? அப்படிப்பட்ட இடங்கள் பெருநகரங்களிலும் பல்கலைக்கழக ஊர்களிலும்தான் இருக்கின்றன.

அன்றாட வேலைக்கு வருவோம். தனிமையைத் தாங்காத நாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். டாக்டர் பார்த்து, பிரிவுப் பதற்றம் என்று நிர்ணயித்து, குளோமிப்ரமின் எழுதுகிறார். இந்த மருந்தை நாய்களுக்குத் தர அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 1998-இல் ஒப்புதல் தந்தது. அதே சிக்கலுக்கு நாய்களுக்கான ஃபுளுவாக்செட்டின் 2007-இல் வந்தது. இரண்டும் வேலைசெய்யத் தொடங்கவே வாரங்கள் ஆகும், இரண்டும் பழக்கும் முறையோடு சேர்த்துத் தர வேண்டியவை. டாக்டரின் பங்கு இத்தோடு பெரும்பாலும் முடிகிறது. டெக்னீஷியனின் பங்கு இங்கேதான் ஆரம்பம். வீட்டில் கேமரா வைக்கச் சொல்லி, ஆள் கிளம்பியதும் நாய் என்ன செய்கிறது என்று பார்க்கிறார். சாவிக்கொத்தின் சத்தம் கேட்டதுமே மூச்சிரைக்கத் தொடங்குகிறதா? அப்படியானால் சாவியை எடுத்துவிட்டு வெளியே போகாமல் உட்கார்ந்திருக்கப் பழக்க வேண்டும். கதவைத் திறந்து மூடுவது, வாசலில் சில நொடி நிற்பது, பிறகு அரை நிமிடம் என்று நாய் பதறாத அளவுக்குள்ளேயே நேரத்தைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். சொல்வது சுலபம். வேலைக்குப் போகும் குடும்பம் இதை நாள்தோறும் செய்ய வேண்டும், அதற்கிடையில் நாயைத் தனியே விடவும் கூடாது. மனம் தளராமல் இருக்க யாராவது தொலைபேசியில் கூப்பிட்டு, போன வாரத்தைவிட இந்த வாரம் எவ்வளவு முன்னேற்றம் என்று எடுத்துச்சொல்ல வேண்டும். அந்த அழைப்பு வராத வீடுகளில் மாத்திரை அலமாரியில் கிடக்கிறது, நாய் காப்பகத்துக்குப் போகிறது.

எங்கே டெக்னீஷியன் தாமே முடிவெடுக்கலாம், எங்கே டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்ற கேள்விக்கு இந்தியானா மாநிலத்தின் பர்டியூ பல்கலைக்கழக நடத்தை மருத்துவமனையிலிருந்து வந்த ஒரு வழிமுறை உதவுகிறது. அங்கே பணியாற்றிய ஜூலி ஷா என்ற டெக்னீஷியன், டெபி மார்ட்டினுடன் சேர்ந்து நாய், பூனை நடத்தை பற்றி டெக்னீஷியன்களுக்காகவே ஒரு பாடநூல் தொகுத்தார். சிக்கல் வராமல் தடுப்பது ஒன்று, உட்கார், வா என்று சாதாரணப் பயிற்சி தருவது ஒன்று, பயம், பதற்றம், ஆக்ரோஷம் போன்ற சிக்கல்களுக்குச் சிகிச்சை செய்வது வேறொன்று என்று இந்த வழிமுறை வேலையைப் பிரிக்கிறது. முதல் இரண்டையும் தேர்ந்த டெக்னீஷியன் தாமே நடத்தலாம். மூன்றாவதில் டாக்டரின் நிர்ணயத்துக்குக் கட்டுப்பட்டுத் திட்டத்தை நிறைவேற்றலாம். இந்தப் பிரிவு நடைமுறைக்கு மிகவும் உகந்தது என்பது என் கருத்து. ஒவ்வொரு சின்ன விஷயத்துக்கும் டாக்டர் வர வேண்டும் என்று கட்டிப்போடுவதும், கடிக்கும் நாயை மருத்துவப் பரிசோதனையே இல்லாமல் பயிற்சிக்கு அனுப்புவதும் இரண்டுமே ஆபத்து.

இரண்டாவது ஆபத்து எவ்வளவு பெரியது என்பதற்கு 2020-இல் இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் மில்ஸும் உடனிருந்தோரும் வெளியிட்ட கட்டுரையைச் சொல்ல வேண்டும். நடத்தைச் சிக்கல் என்று தங்களிடம் அனுப்பப்பட்டவற்றில் குறைத்து மதிப்பிட்டாலும் மூன்றில் ஒரு பங்குக்கு உடலில் ஏதோ ஒரு வலி தொடர்பு இருந்தது என்கிறது அது. சிலரிடம் வந்தவற்றில் இது 80 விழுக்காட்டை நெருங்கியது. இடுப்பு மூட்டு வலிக்கும் நாய் தொட்டால் கடிக்கும். அதற்குக் கீழ்ப்படியக் கற்றுக்கொடுப்பது கொடுமை. வாசலிலிருந்து மேசை வரை அது நடந்துவரும் விதத்தைக் கவனித்து, பின்கால் சரியில்லையே என்று டாக்டரிடம் சொல்லும் டெக்னீஷியன், அந்த நாயின் உயிரையே காப்பாற்றிவிடலாம். உடம்பும் தெரிந்து நடத்தையும் தெரிந்தவர் என்பதே வெளியில் இருக்கும் நாய்ப் பயிற்சியாளரிடமிருந்து இவரை வேறுபடுத்துகிறது.

பூனைகளிடம் இது இன்னும் தெளிவு. மண்தட்டை விட்டுவிட்டுக் கட்டிலில் சிறுநீர் கழிக்கும் பூனையை வீட்டார் அடங்காப்பிடாரி என்பார்கள். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் செய்த ஆய்வுகள், கிருமியே இல்லாமல் பூனையின் சிறுநீர்ப்பையில் அழற்சி வருவதற்கு மன அழுத்தம் பெரிய காரணம் என்று காட்டின. ஒளிந்துகொள்ள இடம், ஏறி உட்கார உயரம், இன்னொரு பூனை வழிமறிக்காத தட்டு, ஒழுங்கான சாப்பாட்டு நேரம் என்று வீட்டையே மாற்றியமைத்தபோது நோய்க்குறிகள் குறைந்தன. இங்கே சிகிச்சை என்பது வீட்டின் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு எதை எங்கே நகர்த்துவது என்று பேசுவது. அதற்கு ஸ்டெதாஸ்கோப் வேண்டாம், உட்கார்ந்து பேச ஒரு மணி நேரம் வேண்டும்.

மருத்துவமனைக்குள்ளேயும் வேலை காத்திருக்கிறது. ஜெர்மனியில் 135 நாய்களை மருத்துவமனையில் கவனித்து 2009-இல் வெளியான ஆய்வில், பரிசோதனை மேசையின் மேல் ஏறக்குறைய ஐந்தில் நான்கு நாய்கள் அஞ்சின. மூன்று பேர் சேர்ந்து அமுக்கிப் பிடித்து ஊசி போட்டால் அன்றைய வேலை முடிந்துவிடும். ஆனால் அடுத்தமுறை அந்த நாய் கார் நிறுத்துமிடத்திலேயே படுத்துக்கொள்ளும், அதற்கடுத்த முறை கடிக்கும். கலிபோர்னியாவின் டாக்டர் சோஃபியா யின் இதற்கு மாற்றாக, பிராணியை அழுத்தமின்றிக் கையாளும் முறைகளைப் படங்களோடு 2009-இல் நூலாக்கினார். டாக்டர் மார்ட்டி பெக்கர் தொடங்கிய பயமில்லா மருத்துவமனை இயக்கம் 2016 முதல் சான்றிதழ் வழங்கிவருகிறது. வழுக்காத விரிப்பு, தரையிலேயே பரிசோதனை, நக்கிக்கொண்டிருக்கக் கொஞ்சம் வேர்க்கடலை வெண்ணெய், பூனைக்கூடையின் மேல் துண்டு, தேவைப்பட்டால் வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே டாக்டர் எழுதிய, பதற்றம் தணிக்கும் கபாபென்டின் மருந்து. கடிக்கக்கூடிய நாய்க்கு வாய்க்கூடு போடுவதையும் தீனி வைத்து மெதுவாகப் பழக்கினால் அது தானே மூக்கை நுழைக்கும். நடத்தை டெக்னீஷியன் இருக்கும் மருத்துவமனையில் இவற்றை மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது அவர் பொறுப்பாகிறது. இதில் பணியாளர்களின் கையும் காப்பாற்றப்படுகிறது. நாய்க்கடியும் பூனைக்கடியும் அந்தத் தொழிலில் அன்றாடக் காயங்கள்.

குட்டிகளின் வகுப்பு மற்றொரு வேலை. தடுப்பூசிகள் முழுவதும் முடியும்வரை குட்டியை வெளியே எடுக்காதீர்கள் என்பது பழைய அறிவுரை. அதைக் கேட்டால் ஸ்காட்டும் ஃபுல்லரும் சொன்ன காலம் வீட்டுக்குள்ளேயே கழிந்துவிடும். முதல் தடுப்பூசி போட்டு ஒரு வாரம் ஆனதும், ஏழெட்டு வார வயதிலேயே, கிருமிநீக்கம் செய்த இடத்தில் வகுப்பைத் தொடங்கலாம் என்பது இன்றைய நிலைப்பாடு. மாலையில் காலியாகக் கிடக்கும் மருத்துவமனைக் கூடமே போதும். ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர நாள் வாணவேடிக்கைக்கு அங்கே நாய்கள் படும் பாடும், தீபாவளிக்கு நம் தெருவில் அவை படும் பாடும் ஒன்றுதான். சத்தத்தை மெல்லிய அளவில் கேட்கவைத்துத் தீனி கொடுத்துப் பழக்குவதை இந்த வகுப்பிலேயே ஆரம்பிக்கிறார்கள்.

காப்பகங்களில் செய்யப்படுவது எல்லாவற்றையும்விடக் கடினமானது. பிராணிகள் வதைத் தடுப்புக்கான அமெரிக்கச் சங்கம் வட கரோலினாவின் வீவர்வில்லில் 2018-இல் ஒரு நடத்தை மறுவாழ்வு மையம் திறந்தது. கூட்டம் கூட்டமாக அடைத்து வளர்க்கப்பட்டு, மனிதக் கை பட்டாலே உறைந்துபோகும் நாய்களை அங்கே கொண்டுவருகிறார்கள். வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் தினமும் பழக்குகிறார்கள். அவர்கள் வெளியிட்ட முடிவுகளின்படி முக்கால்வாசிக்கும் மேற்பட்ட நாய்கள் தேறி, தத்துக் கொடுக்கத் தகுதி பெற்றன. மீளவே மீளாது என்று எழுதித் தள்ளப்பட்ட நாய்கள் இவை. பயத்துக்கு நேரம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது பணத்தைப் பற்றிப் பேச வேண்டும். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் கணக்கில் 2023-இல் கால்நடை டெக்னீஷியன்களின் இடைநிலை ஆண்டு ஊதியம் 43,740 டாலர். கால்நடை மருத்துவருக்கு அது 119,100. நடத்தையில் சிறப்புத் தகுதி பெற்றவுடன் சம்பளம் தானாக ஏறுவதில்லை. பல இடங்களில் பெயர்ப்பட்டையில் நாலு எழுத்து கூடுகிறது, அவ்வளவே. காரணம் எளிது: மருத்துவமனை ஊசிக்கும் எக்ஸ்ரேவுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் ரசீது போடுகிறது, தொலைபேசியில் பேசிய அரை மணி நேரத்துக்குப் போடுவதில்லை. ரசீதில் ஏறாத வேலை உயிரைக் காப்பாற்றினாலும் கணக்கில் இல்லாத வேலையாகிவிடுகிறது. நடத்தை மருத்துவர்களின் எண்ணிக்கையும் மிகக் குறைவு என்பதால் அவர்களோடு சேர்ந்து முழுநேரமாக நடத்தைப் பணி பார்க்கும் வாய்ப்பு சொற்பம். ஆகவே பாதிநாள் மயக்க மருந்து, பாதிநாள் நடத்தை என்று காலத்தை ஓட்டுபவர்கள் பலர்.

பொறுமை இழந்தவர்கள் தனியே பயிற்சிப் பள்ளி தொடங்குகிறார்கள். அங்கே வேறொரு சிக்கல். நாய்ப் பயிற்சியாளர் ஆவதற்கு அமெரிக்க மாநிலங்களில் உரிமம் தேவையில்லை. 2001 முதல் நடக்கும் சான்றிதழ்த் தேர்வும் விரும்பியவர் எழுதுவதுதான். பல வருடம் படித்துத் தேர்வெழுதிய டெக்னீஷியனும், மின்னதிர்ச்சிப் பட்டை ஒன்றை வாங்கிக்கொண்டு நேற்றுக் கடை விரித்தவரும் வாடிக்கையாளர் கண்ணுக்கு ஒரே வரிசையில் நிற்கிறார்கள். இரண்டாமவர் விரைவான பலனை உறுதியாகச் சொல்வார். அடிக்கு அஞ்சி உறுமலை நிறுத்திய நாய் எச்சரிக்கை கொடுக்காமல் கடிக்கப் பழகும். எல்லா நாய்களுக்கும் வெகுமதி வழிப் பயிற்சியே தர வேண்டும் என்று நடத்தை மருத்துவச் சங்கம் 2021-இல் தீர்மானமாகச் சொன்னது. சங்கத்தின் சொல்லுக்குச் சட்டத்தின் வலு இல்லை. வேல்ஸ் நாடு மின்னதிர்ச்சிப் பட்டைகளை 2010-இலேயே தடைசெய்துவிட்டது. அமெரிக்கா இந்த விஷயத்தில் பின்தங்கியிருப்பது வருத்தத்துக்குரியது.

மனச்சுமையையும் மறைத்துப் பேச முடியாது. உடல் நன்றாக இருக்கும் இளம் நாயைக் கடித்ததற்காகக் கருணைக்கொலை செய்ய முடிவெடுக்கும் குடும்பத்தின் எதிரே உட்கார்ந்திருப்பவரும் இந்த டெக்னீஷியன்தான். சில நேரம் அந்த முடிவு சரியானது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேறு வழி இல்லாமல் போவதுண்டு. மாதக்கணக்கில் அந்த நாயின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கியவருக்கு அது எப்படி இருக்கும் என்று நினைத்துப்பார்க்க வேண்டும். மேலே சொன்ன சோஃபியா யின் 2014-இல் தம் 48-ஆவது வயதில் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். அதன் பிறகுதான் கால்நடை மருத்துவர்கள் தங்களுக்குள் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ள ஒரு குழுவைத் தொடங்கினார்கள், இத்துறையின் மனநலம் பற்றிய பேச்சு வெளிப்படையானது. டெக்னீஷியன்களுக்கும் அந்தத் தாங்கல் அதே அளவு வேண்டும். நாயைக் கடைசிவரை கையில் பிடித்திருப்பவர்கள் அவர்கள்.

பல்கலைக்கழகத்தில் பாடம் எடுப்பது, மருந்து, தீவன நிறுவனங்களில் ஆலோசகராவது, உயிரியல் பூங்காவில் விலங்குகளை மயக்காமல் ரத்தம் கொடுக்கப் பழக்குவது, ஆராய்ச்சிக் குழுவில் சேர்வது என்று வேறு பாதைகளும் உண்டு. ஆனால் எண்ணிக்கையில் பெரிய இடம் சாதாரண மருத்துவமனைதான். நடத்தைச் சிக்கல் முதலில் வந்து நிற்கும் வாசலும் அதுவே.

கொலராடோ மாநிலம் 2024 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் டாக்டருக்கும் டெக்னீஷியனுக்கும் நடுவில் புதிய பதவி ஒன்றை உருவாக்கியது. தேசியக் கால்நடை மருத்துவச் சங்கம் அதை எதிர்த்தது. அந்தச் சர்ச்சையில் நான் டெக்னீஷியன்களின் பக்கம் நின்று ஒன்றைக் கேட்பேன்: ஏற்கெனவே படித்துத் தேறியவர்களுக்கு, இருக்கும் சட்டத்துக்குள்ளேயே முழு வேலை கொடுத்துப் பார்த்தார்களா? நடத்தை டெக்னீஷியன் செய்யும் வேலையில் பெரும்பகுதிக்குப் புதுச் சட்டம் தேவையில்லை. மருத்துவமனையின் முன்பதிவு அட்டவணையில் அவர் பெயரில் தனி நேரமும், ரசீதில் அந்த நேரத்துக்கு ஒரு கட்டணமும் இருந்தால் போதும். இத்துறைக்கு வர நினைக்கும் இளைஞர், வேலைக்கான நேர்காணலில் சம்பளத்தைக் கேட்பதற்கு முன் அந்த அட்டவணையைக் காட்டச்சொல்லிக் கேட்கலாம்.